குளிர் தேசத்துப் புயல்

புயல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. வங்காள விரிகுடாவின் நடுவிலே எங்கேயோ ஒரு சுழி பிறக்கிறது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். கட்டுமரங்களை மணலில் மேலே இழுத்துப் போடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து, வேரோடு சாய்ந்த தென்னைகளையும் கூரை பறந்துபோன குடிசைகளையும் பற்றிய சமாசாரங்கள் வருகின்றன. சூடான கடலும் ஈரமான காற்றும் சேர்ந்த இடத்தில்தான் புயல் உண்டாகும் என்று பள்ளிக்கூடத்திலே படித்திருக்கிறோம். ஆகவே, புயல் என்பது உஷ்ணப் பிரதேசத்து மக்களுக்கென்றே பிரமதேவன் எழுதி வைத்த தலையெழுத்து என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் பாரமானி வேறு கதை சொல்லுகிறது. சாதாரணமாகக் கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1,013 மில்லிபார் இருக்கும். புயலின் நடுவில் அது எவ்வளவுக்கெவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அந்தப் புயல் ஆழமானது என்பார்கள். 1993-ஆம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி, ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள கடலின் மேல் அழுத்தம் 914 மில்லிபாருக்கு இறங்கிவிட்டது. வங்காள விரிகுடாவின் மிகக் கொடிய புயல்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசவேண்டிய எண் இது. அந்த மாதத்தில் அந்தக் கடலில் கையை விட்டால் விறைத்துப் போகும். இவ்வளவு பெரிய பூதத்துக்கு அங்கே தீனி போட்டது யார்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குச் சுமார் நூறு வருஷம் பிடித்தது. அதன் சரித்திரத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கப்பலின் கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1859-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரத்திலிருந்து "ராயல் சார்ட்டர்" என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. இரும்பினால் கட்டிய கப்பல். பாய்களும் உண்டு, நீராவி யந்திரமும் உண்டு. அதில் வந்தவர்களில் பலர் ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களில் பாடுபட்டுச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள். பெட்டியிலே வைக்க மனம் வராமல், தங்கத்தை இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இரண்டு மாதப் பிரயாணம் முடிந்து, லிவர்பூல் துறைமுகம் இதோ வந்துவிட்டது என்ற நிலையில், அக்டோபர் 25-ந் தேதி காற்று மூண்டது. முதலில் கிழக்கேயிருந்து அடித்த காற்று வடகிழக்காகத் திரும்பி, பிறகு வடக்கிலிருந்து வீசிக் கப்பலைக் கரையை நோக்கித் தள்ளிற்று. நங்கூரம் போட்டார்கள், சங்கிலிகள் ஒன்றன் பின் ஒன்றாக அறுந்தன. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், பயனில்லை. யந்திரத்தின் பலம் காற்றின் பலத்துக்கு ஈடாகவில்லை. 26-ந் தேதி காலையில், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்ஸித் தீவின் கரையோரத்துப் பாறைகளில் மோதிக் கப்பல் பிளந்து போயிற்று.

கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. கிராமத்தார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மால்டாத் தீவைச் சேர்ந்த மாலுமி ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலையில் குதித்து நீந்திக் கரை சேர்ந்தான். அந்தக் கயிற்றின் உதவியால் சிலர் பிழைத்தார்கள். மொத்தத்தில் உயிரோடு கரையேறியவர்கள் சுமார் நாற்பது பேர். அவர்களுள் ஸ்திரீகள் இல்லை, குழந்தைகள் இல்லை. மாண்டவர்கள் ஏறக்குறைய 450 பேர். இடுப்பில் இருந்த தங்கமே சிலரை மூழ்கடித்தது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அந்த ஒரே புயலில் பிரிட்டிஷ் கரையோரங்களில் நாசமான கப்பல்கள் 133. உயிரிழந்தவர்கள் சுமார் 800 பேர்.

அப்பொழுது லண்டனில் வானிலை இலாகாவின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். இளைஞர் டார்வினைத் தம்முடன் "பீகிள்" கப்பலில் ஏற்றிக்கொண்டு 1831-லிருந்து 1836 வரையில் உலகத்தைச் சுற்றி வந்த காப்டன் இவர்தான். இலாகா என்றால் பெரிதாக ஒன்றும் எண்ணிவிட வேண்டாம். 1854-ல், கப்பல்களிலிருந்து வரும் காற்றுக் கணக்குகளைத் திரட்டி அட்டவணை போடுவதற்காக ஏற்படுத்திய சிறிய காரியாலயம் அது. நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ராயல் சார்ட்டர் மூழ்கிய செய்தி வந்ததும் ஃபிட்ஸ்ராய் ஒரு காரியம் செய்தார். கலங்கரை விளக்கங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் அந்த இரண்டு மூன்று நாளைய குறிப்புகளை வரவழைத்து, மணிக்கு மணி வரைபடத்திலே குறித்துப் பார்த்தார். புயல் எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் கிளம்பவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு நடந்து போயிருந்தது. புயல் நடக்கிறது, தந்தியோ மின்னல் வேகத்தில் ஓடுகிறது. தென்மேற்குக் கரையில் பாரமானி இறங்கிய உடனே ஒருவர் தந்தி அடித்திருந்தால், வடக்கே இருந்த கப்பல்கள் அன்று கரையை விட்டு விலகியிருக்கலாம் அல்லவா?

1861-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் துறைமுகங்களுக்கு அவருடைய புயல் எச்சரிக்கைகள் போக ஆரம்பித்தன. கம்பத்தில் கூம்பு போலவும் பீப்பாய் போலவும் கித்தான் கூண்டுகளை ஏற்றிக் கப்பல்காரர்களுக்கு அடையாளம் காட்டச் செய்தார். நம் துறைமுகங்களில் ஏற்றுகிற புயல் கூண்டும் இதே வம்சந்தான். அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்திலிருந்து, மறுநாளைய வானிலையைப் பற்றிய முன்னறிவிப்புகளும் அவர் பெயரால் பத்திரிகையில் வெளிவந்தன. இவற்றை ஜோசியம் என்று யாரும் கருதிவிடக் கூடாதென்று அஞ்சி, அதற்கென்று ஒரு புதிய வார்த்தையையே பொறுக்கி எடுத்து வழங்கினார். ஆங்கிலத்தில் வானிலைக்கு இன்றும் வழங்குகிற "போர்காஸ்ட்" என்ற சொல் அது.

ஆனால் ஜனங்கள் அதை ஜோசியமாகவே எடுத்துக்கொண்டார்கள். பலித்தபோது பேசாமல் இருந்தார்கள், பலிக்காதபோது சிரித்தார்கள். பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. பண்டிதர்கள், கணித ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஃபிட்ஸ்ராயிடம் தந்தியும் அனுபவமும் இருந்தனவே தவிர, புயல் ஏன் உண்டாகிறது என்பதற்குக் கணிதம் இல்லை. சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கடன்பட்டார். உடம்பும் மனமும் தளர்ந்தன. 1865-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தம் கையினாலேயே தம் உயிரை முடித்துக்கொண்டார். மறுவருஷம் எச்சரிக்கைக் கூண்டுகளையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் கப்பல்காரர்கள் கூச்சல் போட்டார்கள்! 1867-ல் கூண்டுகள் மறுபடி ஏறின.

இதில் பரிதாபம் என்னவென்றால், காரணமும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 1863-ல் அவர் வெளியிட்ட வானிலைப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. துருவத்திலிருந்து வரும் குளிர் காற்றும், தெற்கிலிருந்து வரும் உஷ்ணக் காற்றும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. இரண்டும் உரசும் எல்லையில் சுழிகள் பிறக்கின்றன. செயற்கைக் கோளங்கள் வானத்திலிருந்து எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்தவர்கள், அந்தப் பழைய படத்தையும் பார்த்தால் திடுக்கிட்டுப் போவார்கள்.

அந்தப் படத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. காரணம், புயலைப் பற்றி வேறொரு கொள்கை அப்போது செல்வாக்கோடு இருந்தது. அது நம் உஷ்ணப் பிரதேசத்துச் சரக்கு. புயலுக்குச் "சைக்ளோன்" என்று பெயரிட்டவர் கல்கத்தாவில் கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் கோர்ட்டின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர். வங்காள விரிகுடாவின் புயல்களை ஆராய்ந்து, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கி, 1848-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் வழங்கினார். பெயர் கல்கத்தாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது கருத்தும் கூடவே போயிற்று. நடுவிலே சூடான ஈரக்காற்று ஒரு தூணைப் போல் மேலே எழும்புகிறது. நீராவி மழையாக மாறும்போது இன்னும் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டினால் காற்று மேலும் எழும்புகிறது. கீழே வெற்றிடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று பாய்கிறது. வங்காள விரிகுடாவுக்கு இது முற்றிலும் பொருந்தும். ஐரோப்பாவுக்கும் பொருந்தும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு மலை. ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஸான்பிளிக் சிகரத்தில் 1886-ல் ஒரு வானிலைக் கூடம் ஏற்பட்டது. பதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். அங்கே எடுத்த கணக்குகளை வியன்னா நகரத்தின் யூலியஸ் ஹான் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து பார்த்தார். புயல் கடந்து போகிறபோது அதன் நடுவிலுள்ள காற்று சூடாக இருக்கவேண்டும் அல்லவா? சில்லென்று குளிர்ந்து இருந்தது! நல்ல வெயிலுள்ள, அழுத்தம் மிகுந்த நாட்களில்தான் மேலே காற்று சூடாக இருந்தது. குளிர்ந்த தூண் எப்படி எழும்பும்? அடுப்பிலே நெருப்பு இல்லை; ஆனால் பானை கொதிக்கிறது.

இந்தப் புதிருக்கு விடை சொன்னவர் அதே வியன்னாவில் அதே காரியாலயத்தில் வேலை பார்த்த மாக்ஸ் மார்குலெஸ். 1903-லிருந்து 1905-க்குள் அவர் எழுதிய கட்டுரைகளின் கருத்தை நம் வீட்டுச் சாமான்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒரு கண்ணாடித் தொட்டியின் நடுவே ஒரு தடுப்பை வைத்து, ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் எண்ணெயும் ஊற்றுங்கள். இப்பொழுது தடுப்பை எடுத்துவிடுங்கள். தண்ணீர் எண்ணெயின் அடியில் புகுந்து பரவும். எண்ணெய் தண்ணீரின் மேல் ஏறிப் படரும். எல்லாம் அடங்குவதற்குள் தொட்டி முழுவதும் தளும்பும். அடியில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. கனமான பொருளும் லேசான பொருளும் பக்கம் பக்கமாக நின்றதே போதும். அந்த நிலையிலேயே சக்தி ஒளிந்திருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, உஷ்ணக் காற்று லேசானது. அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், புயற்காற்றின் வேகம் முழுவதற்கும் அந்தச் சக்தி போதும் என்று மார்குலெஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

நம் புயலுக்கும் குளிர் தேசத்துப் புயலுக்கும் உள்ள பேதம் இதுதான். நம் புயல் கடலின் சூட்டைத் தின்று வளர்கிறது. கரையேறியவுடன் பட்டினியால் சாகிறது. குளிர் தேசத்துப் புயலோ வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தின்று வளர்கிறது. அந்த வித்தியாசம் மாரிக்காலத்தில் மிகுதி. ஆகையால்தான் அந்தப் புயல்களும் மாரிக்காலத்தில் மூர்க்கமாகின்றன. வித்தியாசம் உள்ளவரையில் தரையின் மேலும் அவை வளரக்கூடும்.

மார்குலெஸ் தமது கட்டுரைகளுக்குரிய மதிப்பைக் காணவில்லை. 1906-ல் வேலையை விட்டு விலகி, சொற்பப் பென்ஷனில் தனியே வாழ்ந்தார். முதல் மகா யுத்தத்துக்குப் பிறகு ஆஸ்திரியப் பணம் மதிப்பிழந்தது. நண்பர்கள் கொடுக்க முன்வந்த உதவியை வாங்க மறுத்தார். 1920-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பட்டினியால் மெலிந்து இறந்தார்.

அதே யுத்தமும் அதே பட்டினியும் வேறொரு நாட்டில் இந்தச் சாஸ்திரத்தை மேலே தூக்கிவிட்டன. நார்வே யுத்தத்தில் சேராத சிறிய நாடு. ஆனால் கடலில் யுத்தம் நடந்ததால் வெளியிலிருந்து தானியம் வருவது குறைந்துவிட்டது; உள்ளூரில் விளைவதை மழையில் நனையாமல் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்ப்பது உயிர்ப் பிரச்னையாயிற்று. மழை வருமா என்று சொல்லலாமென்றால், வானிலை யுத்த ரகசியமாகிவிட்டபடியால் இங்கிலாந்திலிருந்து தந்திகள் வருவது நின்றுபோயிற்று. மேற்கே இருப்பது வெறுங்கடல். புயலெல்லாம் மேற்கிலிருந்துதான் வருகிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

அப்பொழுது பெர்கன் நகரத்தில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியில் லைப்ஸிக் சர்வகலாசாலையில் இருந்தவர், 1917-ல் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். தூரத்துச் செய்தி கிடைக்காவிட்டால் கிட்டத்துச் செய்தியை நெருக்கமாகச் சேர்ப்போம் என்று அவர் தீர்மானித்தார். 1918-ஆம் வருஷக் கோடையில், விவசாயிகளுக்கு வானிலை சொல்லுவதற்காக மேற்குக் கரையோரத்தில் கணக்கெடுக்கும் நிலையங்களைப் பல மடங்காகப் பெருக்கினார். கலங்கரை விளக்கக் காவலர், மீன் பிடிப்பவர், குடியானவர் எல்லாரும் அவருக்கு உதவியாளர்கள். காரியாலயம் எது தெரியுமா? அவருடைய வீட்டு மாடி அறை. வேலை செய்தவர்களோ வாலிபர்கள். அவர்களில் ஒருவன் அவருடைய மகன் யாக்கோப். அப்போது அவனுக்கு வயது இருபது.

வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் முன்பு நழுவிய மீனும் அகப்படுகிறது. புயலைச் சுற்றிக் காற்று ஒரே சீராக மாறுகிறது என்றுதான் அதுவரையில் எண்ணியிருந்தார்கள். நெருங்கிய கணக்குகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்த யாக்கோப், அப்படி அல்ல என்று கண்டான். சில கோடுகள் தென்பட்டன. கோட்டின் இந்தப் பக்கம் காற்று ஒரு திக்கு. அந்தப் பக்கம் வேறு திக்கு. இந்தப் பக்கம் உஷ்ணம். அந்தப் பக்கம் குளிர். மழையெல்லாம் கோட்டை ஒட்டியே விழுகிறது. 1919-ல் அவன் வெளியிட்ட சில பக்கக் கட்டுரை அந்தச் சாஸ்திரத்தையே மாற்றிவிட்டது. யுத்தச் செய்திகள் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அல்லவா? இரண்டு சேனைகள் எதிர்த்து நிற்கும் போர்முனையைப் போல இருந்ததால், அந்தக் கோட்டுக்குப் "போர்முனை" என்றே பெயர் வைத்தார்கள். சுருக்கமாக "முனை" என்று சொல்லுவோம்.

துருவக் குளிர் காற்றுக்கும் தெற்கத்தி உஷ்ணக் காற்றுக்கும் இடையே அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே இப்படி ஒரு நீண்ட முனை கிடக்கிறது. அதில் ஓரிடத்தில் சிறு நெளிவு ஏற்படுகிறது. நெளிவின் கிழக்குப் பக்கத்தில் உஷ்ணக் காற்று முன்னேறி, எதிரே நிற்கும் குளிர் காற்றின் மேல் சாய்வாக ஏறுகிறது. சாய்வு மிகவும் மெல்லியது. நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில்தான் ஒன்றிரண்டு மைல் உயரம் ஏறும். ஆகையால் மேகம் முதலில் பூந்துகிலைப் போல வந்து, நேரமாக ஆகக் கனத்து, மணிக்கணக்காகத் தூறுகிறது. நெளிவின் மேற்குப் பக்கத்தில் குளிர் காற்று உஷ்ணக் காற்றின் அடியில் செருகிக்கொண்டு அதைத் தூக்கி எறிகிறது. அங்கே திடீர் மழை, சூறைக் காற்று, ஆலங்கட்டி. இவ்வளவும் சுழலுகிற பூமியின் மேல் நடப்பதால், மேலே போகிற காற்றும் கீழே வருகிற காற்றும் நேராகப் போகாமல் வட பாதியில் வலப்பக்கம் விலகி, மொத்தமும் ஒரு சுழியாகச் சுருள்கிறது. குளிர் முனை வேகமாக ஓடும். உஷ்ண முனை மெதுவாக நடக்கும். கடைசியில் பின்னது முன்னதை எட்டிப் பிடித்துவிடுகிறது. உஷ்ணக் காற்று முழுவதும் தரையை விட்டு மேலே போய்விடுகிறது. கீழே குளிர் காற்று மட்டும் நிற்கிறது. தொட்டியில் தண்ணீர் அடியிலும் எண்ணெய் மேலுமாக அடங்கிவிட்டது. பிறகு சக்தி ஏது? புயல் கிழடு தட்டிச் சாகிறது. ஸான்பிளிக் மலையில் ஹான் கண்ட குளிர்ந்த தூணின் மர்மம் இதில் விளங்கிவிடுகிறது.

இந்தக் குடும்பத்தின் சிறு பிள்ளைகள் நம் தேசத்துக்கும் வருகிறார்கள். தை, மாசி மாதங்களில் பஞ்சாபில் மழை, காச்மீரத்தில் பனி என்று செய்தி வருகிறதல்லவா? மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து பாரசீகத்தின் வழியாக இமயம் வரையில் வந்து சேரும் இந்தச் சுழிகள்தாம் அதற்குக் காரணம். வடக்கே கோதுமைக்கு அவை அமிர்தம்.

பெர்கன் வாலிபர்கள் கண்டதிலும் ஒரு குறை இருந்தது. முனை எப்போதும் கிடக்கிறது. நெளிவுகளும் அடிக்கடி உண்டாகின்றன. பெரும்பாலானவை சாதாரண மழையோடு போய்விடுகின்றன. சில மட்டும் ஒரே இரவில் ராட்சசனாக வளர்வது ஏன்?

நம் ஊர்க் கிணற்றைப் பாருங்கள். அடியில் ஊற்று சுரக்கிறது. மேலே ஏற்றம் இறைக்கிறது. ஊற்றைவிட இறைப்பு வேகமாக இருந்தால்தான் நீர்மட்டம் இறங்கும். புயலின் நடுவிலும் இதே கணக்கு. தரையை ஒட்டி நாலா பக்கத்துக் காற்றும் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பள்ளம் சில மணியில் நிரம்பிவிட வேண்டும். நிரம்பாமல் மேலும் ஆழமாகிறதென்றால், உள்ளே வருவதைவிட அதிகமான காற்றை மேலேயிருந்து யாரோ இறைத்து வெளியே கொட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த ஏற்றக்காரன் இருப்பது தரைக்கு மேல் ஆறு, ஏழு மைல் உயரத்தில். அங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி ஓயிஷி வாஸபுரோ பலூன்களைப் பறக்க விட்டு அதை அளந்து, 1926-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். உலகத்தார் எல்லாரும் படிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அதை எஸ்பெரான்டோ என்ற பொது பாஷையில் எழுதினார். ஆகையால் யாரும் படிக்கவில்லை! 1944-ல் ஜப்பானின் மேல் பறந்த அமெரிக்க விமானங்கள், மணிக்கு 150 மைலுக்கு மேற்பட்ட எதிர்பாராத காற்றில் அகப்பட்டுக் குறி தவறிய பிறகுதான் அந்த ஆறு எல்லாருக்கும் தெரிந்தது.

வடக்கே குளிரும் தெற்கே உஷ்ணமும் எங்கே மிக நெருங்கி நிற்கின்றனவோ, அந்த இடத்துக்கு மேலேதான் இந்த ஆறு மிக வேகமாக ஓடும். அது நேராக ஓடுவதில்லை. வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒரு வளைவைத் தாண்டியதும் சில இடங்களில் காற்று விரிந்து பிரிகிறது. அந்த விரிவுக்குக் கீழே முனையில் ஒரு நெளிவு அகப்பட்டால் அதற்கு யோகம் அடித்தது. மேலே இறைப்பு நடக்க நடக்கக் கீழே அழுத்தம் இறங்குகிறது. கீழே சுழி பலக்கப் பலக்க, அது உஷ்ணத்தை வடக்கே தள்ளியும் குளிரைத் தெற்கே இழுத்தும் மேலுள்ள வளைவை இன்னும் கூர்மையாக்குகிறது. மேல் வளைவு கீழ்ச் சுழிக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கும் வரையில் இந்தப் பரஸ்பர உபகாரம் நடக்கும். இரண்டும் நேர்க்கு நேராக வந்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். 1947-ல் அமெரிக்காவில் சார்னியும், 1949-ல் இங்கிலாந்தில் ஈடியும் தனித்தனியே கணிதம் செய்து, மேற்குக் காற்றும் உஷ்ண வித்தியாசமும் சேர்ந்த நிலையில் இத்தகைய நெளிவுகள் தாமாகவே வளர்ந்தே தீரவேண்டும் என்று நிரூபித்தார்கள். ஃபிட்ஸ்ராயிடம் பண்டிதர்கள் கேட்ட கணிதம் எண்பது வருஷத்துக்கு மேல் கழித்து வந்து சேர்ந்தது.

இவற்றோடு இன்னொரு கையும் சேருகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி "வளைகுடா ஓட்டம்" என்ற சூடான நீரோட்டம் ஓடுகிறது. ஜப்பானுக்குப் பக்கத்தில் குரோஷியோ. மாரிக்காலத்தில் உறைந்த கண்டத்திலிருந்து வரும் காற்று இவற்றின் மேல் பாயும்போது, குளிருக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள எல்லை கத்தி முனை போல் கூர்மையாகிறது. காற்று நீராவியையும் வாரிக் குடிக்கிறது. அந்த நீராவி ஒரு கிராம் மேகமாக மாறும்போது சுமார் 600 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நம் ஊர்ப் புயலின் தீனி குளிர் தேசத்துப் புயலுக்கும் உப்பு புளியாக வந்து சேர்ந்துவிடுகிறது! 1978-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் "குவீன் எலிஸபெத் 2" என்ற மாபெரும் பிரயாணிக் கப்பல் அட்லாண்டிக்கில் இப்படிப்பட்ட ஒன்றில் அகப்பட்டுக்கொண்டு சேதமடைந்தது. பிரயாணிகள் பலர் காயமுற்றனர். அந்தப் புயலின் நடுவே ஒரே நாளில் சுமார் 60 மில்லிபார் அழுத்தம் இறங்கியது. 1980-ல் ஸாண்டர்ஸ், ஜியாகும் என்ற இரு அமெரிக்கர்கள், உயர்ந்த அட்சரேகைகளில் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் இறங்கினால் அந்தப் புயலை "வெடிகுண்டு" என்று அழைக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். வெடிகுண்டுகளில் பெரும்பாலானவை மாரிக்காலத்தில், இந்தச் சூடான நீரோட்டங்களை அடுத்தே வெடிப்பதையும் காட்டினார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஃபிட்ஸ்ராயின் கதி இன்னும் ஒரு முறை இங்கிலாந்தில் நேர்ந்தது. 1987-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி. வாரக் கடைசியில் கடுமையான காற்று உண்டு என்று நாலைந்து நாளைக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் நாள் நெருங்க நெருங்க, புயல் தெற்கே ஒதுங்கிப் போகும் என்று கணித யந்திரங்கள் காட்டின. புயல் வரப்போகிறதாம் என்று யாரோ ஒரு மாது டெலிபோனில் கேட்டதாகவும், கவலைப்பட வேண்டியதில்லையென்றும் டெலிவிஷனில் வானிலை சொல்பவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மாது பயந்தது உஷ்ணப் பிரதேசத்துப் புயலுக்கு. அது வரவில்லை என்பது வாஸ்தவம். அன்று நள்ளிரவுக்குப் பிறகு வந்தது மற்றொரு ஜாதி.

தென் இங்கிலாந்தில் பதினைந்து கோடி அல்ல, ஒன்றரைக் கோடி மரங்கள் அன்றிரவு விழுந்தன. ஒன்றரைக் கோடியே கைகூடாத கணக்காகத் தோன்றும். ஷோர்ஹாமில் காற்று மணிக்கு 115 மைல் வேகத்தில் மோதிற்று. பிரிட்டனில் 18 பேரும் பிரான்ஸில் 4 பேரும் இறந்தார்கள். இரவில் நடந்ததால் தெருவில் ஜனங்கள் இல்லை; பகலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது. ஏழு ஓக் மரங்களினால் பெயர்பெற்ற ஸெவனோக்ஸ் ஊரில் ஏழில் ஆறு சாய்ந்தன. இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. ஹாம்ப்ஷயரில் ஓரிடத்தில், அந்த நடு இரவில், இருபதே நிமிஷத்தில் உஷ்ணம் 8.5 டிகிரி ஏறியது. சூரியனும் இல்லை, நெருப்பும் இல்லை. உஷ்ணக் காற்றும் குளிர் காற்றும் அவ்வளவு நெருக்கமாகத் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

விஞ்ஞானிகள் அந்த இரவின் கணக்குகளைப் பல வருஷம் புரட்டிப் பார்த்தார்கள். சுழியின் பின்புறம் கொக்கி போல் வளைந்து வரும் மேகத்தின் நுனியிலிருந்து, சில மணி நேரம் மட்டும் ஒரு காற்று மேலேயிருந்து கீழே பாய்ந்திருந்தது. மழைத்துளிகள் அதில் விழுந்து ஆவியாகி அதைக் குளிர்வித்துக் கனமாக்கியதும், அது அவ்வளவு வேகமாக இறங்கியதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். நார்வே நாட்டு வானிலைக்காரர்கள் இந்த இடத்தை "விஷவால்" என்று சொல்லுவதுண்டு. ஆங்கிலேய விஞ்ஞானி கீத் பிரௌனிங் 2004-ல் எழுதியபோது தேளின் கொடுக்கை நினைத்துப் பெயர் வைத்தார்.

லண்டன் கியூ தோட்டத்தில் அன்றிரவு சுமார் 700 மரங்கள் போயின. அங்கே 1798-ல் நட்ட ஒரு கிழட்டு ஓக் மரம், சில காலமாகவே நலிந்து வந்தது. புயல் அதை வேரோடு மேலே தூக்கி, மறுபடியும் அதே குழியில் உட்கார வைத்துவிட்டுப் போயிற்று. செத்ததென்று விட்டுவிட்டார்கள். மரமோ புது உயிர் பெற்றுத் தழைத்தது! ஜனங்கள் வருஷக்கணக்காக மிதித்து இறுகிப்போன மண் தளர்ந்து, வேருக்குக் காற்று கிடைத்ததுதான் காரணம் என்று தோட்டக்காரர்கள் பிறகு கண்டுகொண்டார்கள்.

பத்திரிகைகள் வானிலைக்காரர்களை ஏசிய ஏச்சு கொஞ்ச நஞ்சமல்ல. இம்முறை யாரும் காரியாலயத்தை மூடவில்லை; விசாரணை வைத்தார்கள். கடலிலிருந்து வரும் கணக்குகள் போதவில்லை என்று தெரிந்தது. யந்திரங்களும் முறைகளும் திருந்தின.

பிரிட்டிஷ் ரேடியோவில் கப்பல்களுக்காகத் தினமும் கடற்பரப்பு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வானிலை வாசிப்பது நெடுநாளைய வழக்கம். அவற்றுள் ஸ்பெயினுக்கு வடமேற்கே, பிஸ்கே வளைகுடாவை அடுத்த பரப்பின் பெயரை 2002-ஆம் வருஷம் பிப்ரவரியில் மாற்றி "ஃபிட்ஸ்ராய்" என்று வைத்தார்கள். 1987-ஆம் வருஷத்துப் புயல் வலுப்பெற்றதும் அந்தப் பக்கத்துக் கடலில்தான்.